பகவதியம்மாள் ஒன்றும் சொல்லவில்லை

வலியசாலை, திருவனந்தபுரம்
ஜூன் 18, 2025

ஷிஜாவுக்கு,

இந்த அகாலத்தில் உட்கார்ந்து எழுதறதுக்கு முதல்லயே மன்னிச்சுக்கோ. குழந்தை மாளு இப்பத்தான் தூங்கினாள். அவள் மூச்சைக் கேட்டுண்டே எழுதறேன், அதனால வரி கோணலா இருக்கும். நெஞ்சில் சளி, விசில் அடிக்கறது. டாக்டர் ஒண்ணுமில்லைன்னார். அவர் ஒண்ணுமில்லைன்னு சொன்னா எனக்கு இன்னும் பயம்.

போனில் நீ என்னை பிளாக் பண்ணிட்டே. கடைசியா அனுப்பினது ஒரே வரி: "நல்லா இருங்க மேடம்." வாய் நிறைய அக்கான்னு கூப்பிட்டவள் நீ. விதுராவில் நீ வேலை பார்க்கற மெடிக்கல் ஷாப் விலாசம்தான் என்கிட்ட இருக்கு. அதுக்கே அனுப்பறேன்.

உங்க எஸ்டேட்டிலேர்ந்து போன் வந்ததுன்னு டிபார்ட்மென்ட் ஆபீஸில் சொன்னா. சாரோட பத்திரிகைக் கட்டுரையில் வர பகவதியம்மாளை மேனேஜர் கூப்பிட்டு விசாரிச்சாராம். அது உன் அம்மான்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நம்பு ஷிஜா. உன் அம்மா பேர் அதுன்னு எனக்குத் தெரியாது.

நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன். போன வருஷம் நான் பொன்முடி ஏறி வந்தது ஸ்ரீகண்டன் சாருக்கு உதவியாளா. தேயிலைக்காட்டில் வேலை செய்யற தமிழ்ப் பெண்கள் சொல்றதைச் சேகரிக்கறது அவர் புராஜெக்ட். என் பிஎச்டிக்கும் அவர்தான் கைடு. அவருக்குத் தமிழ் காதில் விழுந்தா பாதி புரியும், பேச வராது. அதனால வரிசை வீடு ஒண்ணு விடாம, லயத்துக்கு லயம் ஏறி இறங்கினது நான். வீடு வீடா என்னைக் கூட்டிண்டு போனது நீ. மாடம்மாள் அக்கா பேசினப்போ நீயும் பக்கத்தில் இருந்தே. வயித்துப் பிள்ளையோட அவரைப் பூச்சிமருந்து அடிக்க அனுப்பினது, அந்தக் குழந்தை போனது, வீட்டில் வழுக்கி விழுந்தேன்னு ஆபீஸில் கைநாட்டு வாங்கினது, எல்லாத்தையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். பேர் வர இடத்தில் 'முதல் பெண்'னு மட்டும் போட்டேன். பேசினவா பேரை வெளியில் விடக்கூடாதுங்கறது எங்க விதி.

சார் அதைக் கட்டுரையாக்கி மலையாள வாரப் பத்திரிகைக்குக் கொடுக்கறப்போ, "முதல் பெண்ணா? வாசிக்கறவன் மனசுல நிக்காது பத்மஜே. மண்ணோட மணமுள்ள ஒரு பேர் வேணும்"னார். ஒரே ஒரு நாள் ஜீப்பில் வந்துட்டுப் போனாரே, அன்னிக்கு யாரோ கீழ் லயத்திலேர்ந்து "பகவதியம்மோ"ன்னு கூப்பிட்டது அவர் காதில் விழுந்திருக்கு. அதைப் போட்டுட்டார். எனக்கு அது ஒரு பேராத்தான் பட்டுது. உன் அம்மாவை எனக்கு 'ஷிஜாவோட அம்மா'ன்னுதான் தெரியும். பேச மாட்டேன்னு சொன்னவா பேரை நான் எழுதிக்கறதில்லை.

அம்மாவுக்கு என்ன ஆச்சு? திட்டணும்னா திட்டு, ஆனா எழுது.

பத்மஜா


விதுரா
ஜூன் 24

மேடம் அவர்களுக்கு,

காயிதம் கிடைச்சுது. போன்ல பேசினா ரெக்கார்டு பண்ணிருவீங்களோன்னு பயம், அதான் பிளாக் பண்ணினேன். காயிதம்னா நான் சொன்னது என்னன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

எங்கம்மா பேரு தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. எங்க வீட்டுக்கு எத்தன நாளு வந்தீங்க? அப்ப உங்களுக்கு வயித்துல பிள்ள. ஏறி வந்து மூச்சு வாங்குதீங்கன்னு அம்மா வெந்நி போட்டு உங்க கால்ல ஊத்தினா. சாயாவுக்கு நீங்க சீனி கொறச்சலா குடிப்பீங்கன்னு அவளுக்குத் தெரியும். அவ பேரு உங்களுக்குத் தெரியாது. பேசாதவளுக்குப் பேரு இல்ல, அப்படித்தானே உங்க விதி?

என்ன ஆச்சுன்னு கேட்டீங்க. சொல்லுதேன்.

மேனேஜர் மேசையில கட்டுரை வந்த அந்த வாரிகை கெடந்துச்சாம். பீல்டு ஆபீசர் நின்னுக்கிட்டு வாசிச்சாராம், மலையாளத்துல, ரேடியோ வாசிக்க மாதிரி. அம்மாவுக்கு இதுல என்ன எழுதியிருக்குன்னே அப்பத்தான் தெரியும். "நான் ஒண்ணும் சொல்லல்ல சாரே"ன்னிருக்கா.

"பின்ன பேரு எப்படி வந்துச்சு? இந்த எஸ்டேட்டுல வேற பகவதியம்மாள் உண்டா?"

"இல்ல சாரே."

"அப்ப நீ சொல்லல்லன்னா வேற ஆரு சொன்னது?"

அதுக்கு மேல அம்மா வாயத் தொறக்கல்ல. மாடம்மாள்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு வந்திருப்பா. சொல்லல்ல. ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு உங்கள விட்டு வெலகினவ அவ ஒருத்திதான். அவளத்தான் எல்லாஞ் சொன்னவன்னு அச்சடிச்சு வச்சிருக்கீங்க.

இப்ப வேலைக்கு வரண்டாம்னு நிறுத்தியாச்சு. இந்த வருசத்தோட அவளுக்கு ரிட்டயர்மென்ட். அதுக்கு அப்புறமும் லயத்து வீட்டுலயே இருந்துக்கோன்னு பழைய மேனேஜரு சொல்லியிருந்தாரு. வாய்ச் சொல்லுதான். இப்ப வந்திருக்க மேனேஜரு, கம்பெனிய அவமானப்படுத்தினவளுக்கு வீடு இல்லன்னுட்டாரு. ஆகஸ்டு முடியதுக்குள்ள காலி பண்ணணும். எங்களுக்கு வேற வீடு இல்ல மேடம். ஊருன்னு ஒண்ணும் இல்ல. எங்கம்மா பிறந்ததே அந்த லயத்துல ஆக்கும்.

லயத்துல ஒருத்தரும் எங்கிட்டப் பேசல்ல. உங்கள வீடு வீடா கூட்டிக்கிட்டு வந்தவ நான்தானே. கொழாயடிக்கிப் போனா கொடத்த எடுத்துக்கிட்டு வெலகுதாங்க.

அம்மா எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அந்தப் பிள்ள எனக்க பேர எதுக்குடி எடுத்துச்சு?" நான் என்ன சொல்ல? மண்ணு மணக்குன்னு எடுத்தாங்கம்மான்னு சொல்லவா?

உங்க சாரு அதே வாரிகையில போடணும், பகவதியம்மாள் ஒண்ணும் சொல்லல்லன்னு. மேனேஜருக்கும் எழுதணும். வேற ஒண்ணும் உங்ககிட்ட வேண்டாம்.

ஷிஜா


வலியசாலை
ஜூலை 3

ஷிஜா,

உன் கடிதத்தை ஆத்துக்காரர் மஹேஷ் வீட்டில் இல்லாத நேரமா பார்த்துப் படிச்சேன். அவர் முன்னால அழுதா, "குழந்தைக்குப் பால் கொடுக்கறப்போ டென்ஷன் ஆகாதே"ம்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு டென்ஷன் ஆகும்.

சாரைப் பார்த்தேன். நீ நினைக்கற மாதிரி நான் சும்மா இருக்கலை.

"சார், அந்தப் பேரில் நிஜமாவே ஒரு அம்மா அங்கே இருக்கா. வேலையை நிறுத்திட்டா, வீட்டைக் காலி பண்ணச் சொல்றா"ன்னேன்.

"அடடா"ன்னார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "தெற்கே பகவதியம்மாள்னு ஆயிரம் பேர் இருப்பா."

"அந்த எஸ்டேட்டில் ஒருத்திதான் சார்."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"அவா எங்ககிட்ட பேசவே இல்லைன்னு ஒரு திருத்தம் போட்டா போதும்."

அப்போ அவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எப்படிச் சொல்றது. எல்.கே.ஜி. குழந்தை பென்சிலை மூக்கில் விட்டுண்டா டீச்சர் பார்ப்பாளே, அந்த மாதிரி. "திருத்தம் போட்டா என்ன ஆகும்? இவள் இல்லைன்னா பின்னே யார்னு தேட மாட்டாளா? பேசினவளை நாமே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகாதா? எதிக்ஸ், பத்மஜே. ரிசர்ச் பண்ற குட்டிக்கு இதை நான் சொல்லித் தரணுமா?"

சொல்ல வெட்கமா இருக்கு. அந்த நிமிஷம் அவர் சொன்னது சரின்னு எனக்குத் தோணித்து. தலையை வேற ஆட்டினேன். மாடிப்படி இறங்கி, பஸ் ஸ்டாப்பில் நின்னு, பஸ் கிழக்கேகோட்டைக்கு வந்து சேர்ந்தப்போதான் உறைச்சுது. பேசினவளைக் காப்பாத்தறதுக்காகப் பேசாதவளோட வீடு போகணும்னா, அது என்ன எதிக்ஸ்? திரும்பிப் போய்க் கேட்டிருக்கணும். மாளுவுக்குப் பால் நேரம் ஆயிடுத்துன்னு ஆத்துக்கு ஓடி வந்தேன்.

நீ எழுதினதில் எல்லாம் நியாயம். ஒண்ணைத் தவிர. மேடம், மேடம்ங்கறயே, எனக்கு அங்கே என்ன அதிகாரம் இருக்குன்னு நினைச்சுண்டிருக்கே? சாரோட பெண்ணுக்கு ஸ்கூல் சார்ட் ஒட்டிக் கொடுத்தவள் நான். பிரசவத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் அவர் செமினாருக்கு நாற்காலி எண்ணினேன். தையல் ஆறறதுக்குள்ள, "புராஜெக்ட் நிக்கப்படாது, லீவை நீட்டாதே"ன்னு போன். லயத்தில் ஏறினது என் கால், கேட்டது என் காது, எழுதினது என் கை. கட்டுரையில் என் பேர் கடைசியில், பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கற எழுத்தில், 'உதவி'ன்னு. அவர் கையெழுத்து இல்லைன்னா என் தீஸிஸ் வெறும் காகிதக் கட்டு. இத்தனையும் உனக்குத் தெரியுமா? நீயும் உங்கம்மா பேரை ஒரு தடவை சொல்லியிருக்கலாமே? ஒரு தடவை!

கோபத்தில் எழுதிட்டேன். எழுதினதை அடிக்க மனசில்லை, இருக்கட்டும்.

கொஞ்சம் பொறு ஷிஜா. பத்திரிகை ஆசிரியர் அவர் சிநேகிதர்தான். ஓணம் கழியட்டும், அவர் மனசு கொஞ்சம் இளகும், நான் மறுபடி பேசறேன்.

பத்மஜா


விதுரா
ஜூலை 12

மேடம்,

ஓணம் கழியட்டுமா? ஆகஸ்டுல வீட்ட விட்டு எறக்குவாங்க, செப்டம்பர்ல ஓணம். எந்த ரோட்டுல பூக்களம் போடணும்னு உங்க சார்கிட்ட கேட்டு எழுதுங்க. மண்ணு மணமுள்ள ரோடாப் பாத்துச் சொல்லுவாரு.

எங்கம்மா பேர நான் சொல்லியிருக்கலாமாம். நீங்க கேட்டீங்களா? எத்தன பிள்ள, எத்தன வருசம் வேல, என்ன சாதி, எந்த ஊர்லேர்ந்து வந்தது, எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் கேட்டீங்க. முகத்தப் பாத்து "உங்க பேரு என்னம்மா"ன்னு ஒருக்க கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா. அதச் சொல்லதுக்கு அவளுக்குப் பயம் ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணும் கேளுங்க. மாடம்மாள் அத்த ஆபீசுக்குப் போனாங்க.

யாரும் சொல்லி விடல்ல. கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு, கூடையக்கூட எறக்காம நேரா உள்ள போயிருக்காங்க. "சாரே, அதச் சொன்னது நான். பிள்ள போனது எனக்கு. பகவதிக்கு இதுல ஒண்ணும் இல்ல."

மேனேஜரு சிரிச்சாராம். "கூட்டுக்காரியக் காப்பாத்த வந்தியா?"

"இல்ல சாரே, என் பிள்ளயாக்கும்."

"இதுல பகவதியம்மாள்னுல்ல இருக்கு. பத்திரிகைக்காரன் பொய்யா எழுதுவான்? உன் கேசு வேற. நீ வீட்டுல வழுக்கி விழுந்தவ. நீயே கைநாட்டு வச்சது பைல்ல இருக்கு. போ, போயி வேலயப் பாரு."

கேட்டீங்களா மேடம்? அத்த நேர்ல நின்னு நான்தான்னு சொல்லுதாங்க, அச்சுல இருக்கது பெரிசாப் போச்சு. பேசினவள மறைச்சுக் காப்பாத்துதேன்னு உங்க சாரு சொன்னாரே. காப்பாத்தினாரு. இப்ப அவளே வந்து சொன்னாலும் நம்ப ஆளில்ல.

அத்த அங்கேருந்து எங்க வீட்டு முத்தத்துக்கு வந்தாங்க. நான் பயந்துட்டேன். அம்மாவப் பாத்துச் சத்தம் போட்டாங்க. "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான பகவதி. அதயும் உன் பேருல எழுதிட்டானுவளே. நாளைக்கி உன் பிள்ளன்னுல்ல சொல்லுவானுவ!" அம்மா சுவத்துல சாஞ்சு நின்னா. அத்த அழல்ல, அம்மாதான் அழுதா. ரெண்டு பேருக்கும் அதுக்கப்புறம் பேச்சு இல்ல. ஒரே கொழாயில தண்ணி பிடிக்காங்க, முகம் பாக்கல்ல.

அன்னிக்கு நீங்க ரெக்கார்டு பண்ணிட்டு எந்திரிச்சப்ப அத்த என்ன சொன்னாங்கன்னு ஓர்மை இருக்கா? நான் பக்கத்துலதான் இருந்தேன். "என் பேரப் போடு பிள்ள. மாடம்மாள்னு போடு. அந்தப் பிள்ளைக்கித்தான் பேரு வைக்கல்ல, எனக்காவது பேரு இருக்கட்டும்." நீங்க சிரிச்சுக்கிட்டு, "அது ரூல் இல்ல அக்கா, உங்க நல்லதுக்குத்தான்"னீங்க.

எங்க நல்லது எப்படி இருக்குன்னு இப்ப தெரிஞ்சுக்கிட்டீங்களா?

ஷிஜா


வலியசாலை
ஜூலை 25

ஷிஜா,

ஓர்மை இருக்கு. மாடம்மாள் அக்கா சொன்ன சொல் அப்படியே இருக்கு. யாரோட நல்லதுக்கு அந்த ரூல்னு நான் அன்னிக்கு யோசிக்கலை. ரூல் எனக்குச் சௌகரியமா இருந்தது, அவ்வளவுதான்.

நேத்து சார் கூப்பிட்டனுப்பினார். மாமியார் கோவிலுக்குப் போயிருந்தா, மாளுவை விட ஆளில்லை. இடுப்பில் வெச்சுண்டே போனேன். அவர் அறையில் ஏசி, இவளுக்கோ இன்னும் சளி விடலை. துப்பட்டாவால சுத்திண்டு உட்கார்ந்தேன்.

ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "உங்க எஸ்டேட்காரன் வக்கீல் நோட்டீஸ் அது இதுன்னு பேசறான். ஒரு பார்மாலிட்டிதான். கீழே ஒரு கையெழுத்து, ஒப்பு வை."

படிச்சேன். கட்டுரையில் வர பேர்களைத் தேர்ந்தெடுத்தது ஆராய்ச்சி உதவியாளர் பத்மஜா, பேராசிரியருக்கு அது தெரியாதுன்னு இருந்தது. இன்னொரு தடவை சத்தமா படிச்சேன், அவர் காதில் விழட்டும்னு.

"சார், நான் 'முதல் பெண்'னுதானே எழுதிக் கொடுத்தேன். பேர் நீங்க போட்டது. மணம்னு சொன்னேள்."

"அதெல்லாம் இப்போ யார் ஓர்மை வெச்சுண்டிருக்கா?"

"நான் வெச்சுண்டிருக்கேன்."

"பத்மஜே, கைக்குழந்தையோட பிஎச்டி பண்ணணும்னு வந்தது உன் தீர்மானம். உனக்காக நான் எத்தனை அட்ஜஸ்ட் பண்ணியிருக்கேன்! லேட்டா வருவே, சீக்கிரம் போவே, ஒண்ணு சொன்னேனா? இந்த ஒரு காரியம் எனக்குச் செய்ய மாட்டியா?"

அன்னிக்கு உங்க மலை மேல, ஏழாவது மாசத்தில், அட்டை கடிச்ச காலோட நான் நின்னேனே, அப்போ இவர் வாக்கிங் ஷூவோட சென்னையில் கான்பரன்ஸில் இருந்தார். இவர் அட்ஜஸ்ட் பண்ணினாராம்!

நடுவில் மாளு அந்தக் காகிதத்தை எட்டிப் பிடிச்சு ஒரு மூலையை வாயில் போட்டுண்டுட்டா. அவளுக்குக் காகிதம்னா உயிர். சார் "ஐயோ, அது ஒரிஜினலாக்கும்!"னு பாதி எழுந்துட்டார். நான் விரலை விட்டு மாளு வாயிலேர்ந்து எடுத்து, எச்சிலோட அவர் மேசையில் வெச்சேன். "ஒப்பு வைக்க மாட்டேன் சார்"ன்னேன்.

"அப்படின்னா வேற கைடைப் பார்த்துக்கோ"ன்னார். ரொம்ப மெதுவா, நல்லவர் மாதிரி.

ஆத்துக்கு வந்து மஹேஷ்கிட்ட சொன்னேன். "ஒரு கையெழுத்துதானே பத்மா. அவா உனக்கு யாரு?"ன்னார். எனக்கு எங்கேர்ந்து வந்ததோ தெரியலை, கத்தினேன். "மாளு எதிராத்து ஸ்நேகாவோட குழந்தைன்னு எவனாவது அச்சடிச்சு ஊரெல்லாம் விட்டா, உங்களுக்கு வெறும் பேர்னு இருக்குமா?" அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டார். மாமியார் உள்ளேர்ந்து, "பால் புளிச்சுடும்டி, கோபப்படாதே"ங்கறா. இந்த வீட்டில் என் கோபம்கூடக் குழந்தை சாப்பிடற வஸ்து.

ஒப்பு வைக்கலைங்கறது மட்டும் போறாதுன்னு தெரியும். அதனால உங்க வீடு மிஞ்சாது. என்ன பண்ணலாம்னு எனக்குத் தெரியலை. உன்கிட்டதான் கேக்கறேன்.

பத்மஜா


விதுரா
ஆகஸ்ட் 3

மேடம்னு எழுத வந்தேன், கை நின்னுட்டு. அக்கான்னும் வரல்ல. பேரில்லாமலே எழுதுதேன்.

உங்க சாரோட லெட்டர் ஆபீசுக்கு வந்தாச்சு. நீங்க ஒப்பு வைக்கல்லன்னா என்ன, அவரே எழுதி அவரே வச்சிருக்காரு. கட்டுரையில உள்ள பேரு கற்பனைப் பேராம். போட்டது உதவியாளராம். அந்த உதவியாளர புராஜெக்டுலேருந்து நீக்கியாச்சாம். மேனேஜரு அம்மாவக் கூப்பிட்டு அதயும் வாசிச்சுக் காட்டினாரு. "இதுல நீ பேசல்லன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" இல்ல. அந்த ஒண்ண மட்டும் அவரு எழுதல்ல. நல்லாப் படிச்ச ஆளுல்லா.

உங்கள நீக்கினாங்கன்னு கேட்டப்ப எனக்குச் சந்தோசம் வரும்னு நெனச்சேன். வரல்ல. அதுக்கும் உங்க மேலதான் கோவம் வருது.

யூனியன் ஆபீசுல சற்குணம் அண்ணன்கிட்ட கேட்டேன். "எடத்துல இருந்தவங்க எழுதிக் குடுத்தா நாம லேபர் ஆபீசருக்குக் கொண்டு போகலாம். கேட்டவங்க, எழுதினவங்க, அவங்க சொல்லணும். மத்த ஆரு சொன்னாலும் காத்து"ன்னாரு. எடத்துல இருந்தது ரெண்டு பேரு, நீங்களும் நானும். நான் பகவதியம்மாள் மக, என் சொல்லு எடுபடாது.

ஆனா ஒண்ணு. எங்கம்மா இல்லன்னு ஆனா, பின்ன ஆருன்னு தேடுவான். அத்தைக்கி இன்னும் சர்வீஸ் இருக்கு. போன தடவ அத்த சொன்னத அவன் நம்பல்ல, அதனால தப்பிச்சாங்க. நீங்க எழுதினா நம்புவான். உங்க சாரு சொன்னது அம்புட்டும் பொய்யில்ல பாத்துக்கிடுங்க. அதான் வயிறு எரியுது.

அம்மா சட்டி பானையெல்லாம் சாக்குல கட்ட ஆரம்பிச்சுட்டா.

ஷிஜா


வலியசாலை
ஆகஸ்ட் 10

ஷிஜா,

என்னை நீக்கின விஷயம் உன் கடிதத்தில் படிச்சுத்தான் எனக்கே தெரியும். அடுத்த நாள் போனா என் மேசையில் வேற ஒரு பெண் உட்கார்ந்திருக்கா. ரேஷ்மின்னு பேராம், கேட்டேன். பாவம், எழுந்து நின்னா. அவள் என்ன பண்ணுவா. சார் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"நீங்க எஸ்டேட்டுக்கு எழுதினது பொய் சார்"ன்னேன்.

யாரோ ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தா, வெளியூர்க்காரா. சார் சிரிச்சுண்டே அவாகிட்ட, "பிரசவத்துக்கு அப்புறம் கொஞ்சம் அப்செட்"ன்னார்.

நான் அழுவேன்னு எதிர்பார்த்திருப்பார். "அப்செட்தான் சார். ஆனா மறதி இல்லை. பேர் போட்டது நீங்க. அந்த அம்மா நம்மகிட்ட வாயைத் திறக்கலைன்னு தெரிஞ்சும் அதை எழுதாம விட்டதும் நீங்க. இதை நான் எழுதிக் கையெழுத்துப் போடப் போறேன்"னு, வந்தவாளுக்கும் கேக்கறாப்பல சொல்லிட்டு வந்தேன். இனிமே அந்த டிபார்ட்மென்ட்டில் அவரை மீறி என்னை யாரும் எடுத்துக்க மாட்டா. தீஸிஸ் என்ன ஆகும்னு தெரியாது. மஹேஷ் ரெண்டு நாளா என்கூடப் பேசலை. பேச வேண்டாம். எனக்கும் இப்போ அவர்கிட்ட பேச ஒண்ணும் இல்லை.

இதோட ரெண்டு காகிதம் வெச்சிருக்கேன். ரெண்டிலும் கையெழுத்துப் போட்டாச்சு, ரெண்டையும் இன்னும் யாருக்கும் அனுப்பலை.

ஒண்ணு மேனேஜருக்கும் லேபர் ஆபீசருக்கும். பகவதியம்மாள் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, பேட்டி கொடுக்க முடியாது என்று முதல் நாளே மறுத்துவிட்டார், நான் நேரில் இருந்தேன், அவர் பெயரைக் கட்டுரையில் சேர்த்தவர் பேராசிரியர் ஸ்ரீகண்டன், என் முன்னிலையில் சேர்த்தார். இவ்வளவுதான். சொன்னது யார்னு அதில் ஒரு எழுத்து இல்லை. வேலை போயிடுத்தே, இனி நான் எழுதினா எடுபடுமான்னு சற்குணம் அண்ணன்கிட்ட கேட்டுப் பார். தேவைன்னா நேரில் வந்து சொல்றேன், மாளுவைத் தூக்கிண்டாவது.

இன்னொண்ணு பத்திரிகைக்கு. மாடம்மாள் அக்கா அன்னிக்குப் பேசினது, அவர் சொன்னபடி, அவர் தமிழிலேயே, அவர் பேரோட. மலையாளத்திலும் நானே மாத்தி எழுதியிருக்கேன். சார் சேர்த்த அலங்காரம் ஒண்ணுகூட இல்லை. அந்தப் பத்திரிகை போடலைன்னா வேற இடம் தேடுவேன். போடறவா இருக்கா, விசாரிச்சுட்டேன்.

நீ சொன்னது என்னையும் எரிக்கறது. முதல் காகிதம் போனா மாடம்மாள் அக்காவைத் தேடுவான். ரெண்டாவது போனா தேடவே வேண்டாம். ரெண்டும் போகலைன்னா உன் அம்மா நடுத்தெருவில். எது சரின்னு இங்கே உட்கார்ந்துண்டு நான் தீர்மானம் பண்ண மாட்டேன். பேர் போடறேன், போடலை, உங்க நல்லதுக்குன்னு ஆளாளுக்கு இங்கேர்ந்து தீர்மானம் பண்ணினதுதான் இத்தனையும்.

அதனால ஒரு உபகாரம் பண்ணு. அவா ரெண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வை. பேச்சு இல்லைன்னு தெரியும், ஆனாலும் உட்கார வை. ரெண்டு காகிதத்தையும் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டு. போன தடவை நான் கேட்டு வாங்கிண்டு வந்ததோட சரி, எழுதினதை ஒருத்தருக்கும் வாசிச்சுக் காட்டலை. எந்த வரி வேண்டாம்கறாளோ அதை அடிச்சுடு. மாடம்மாள் அக்கா பேர் வேண்டாம்னா எடுத்துடறேன், வேணும்னா அப்படியே இருக்கும். உன் அம்மா இதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், போறும்னு சொன்னா, கிழிச்சுப் போட்டுடு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.

உனக்கு என் மேல கோபம் போகலைன்னு தெரியும். எனக்கும் என் மேல போகலை. அதைப் பத்தி நீ ஒண்ணும் எழுத வேண்டாம். ஆகஸ்ட் ஓடிண்டிருக்கு, லேபர் ஆபீசர் கையில் கொடுத்து அவர் விசாரிக்கறதுக்கும் நாள் வேணும்.

அவா ரெண்டு பேரும் என்ன சொன்னான்னு மட்டும் எழுது. தபால் தாமதம்னா பஸ் கண்டக்டர்கிட்ட கொடுத்தனுப்பு, கிழக்கேகோட்டையில் நான் வந்து வாங்கிக்கறேன். சீக்கிரம் பதில் போடு.

பத்மஜா